ஒரு தந்தை, நான்கு தாய்மார், இரண்டு அறைகள்

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் ஹேசில்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே போனால் பார்க்க எந்தச் சின்னமும் கிடையாது. கி.மு. 3700 வாக்கில் சுண்ணாம்புக் கற்களை அடுக்கிக் கட்டிய நீண்ட ஈமமேடு ஒன்று அங்கிருந்தது. வயலை உழுகிறபோதெல்லாம் கலப்பை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. மிச்சத்தையாவது பதிவு செய்யலாம் என்று, 1979க்கும் 1982க்கும் இடையில் தொல்லியலாளர் ஆலன் சவில் குழுவினர் அதை அடிமட்டம்வரை முழுவதுமாக அகழ்ந்தார்கள். அகழாய்வு முடிந்தபோது மேடும் முடிந்துவிட்டது. ஆனால் எந்த எலும்பு எந்த அறையில் கிடந்தது என்பதை அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு பயன்பட்டது அந்தக் குறிப்புத்தான்.

மேட்டுக்குள் வடக்கே ஓர் அறை, தெற்கே ஓர் அறை. எதிரெதிர்ப் பக்கங்களில் தனித்தனி வாசல். பிணங்களை உள்ளே கிடத்துவார்கள். சதை மக்கியதும் எலும்புகளை ஒதுக்கிவிட்டு அடுத்தவருக்கு இடம் செய்வார்கள். அதனால் எல்லாம் கலந்து கிடந்தன. வடக்கு வாசலில் கிடந்த ஓர் ஆண் மட்டும் குலையாமல் முழு எலும்புக்கூடாக இருந்தான். அவன் அருகே தீக்கல் கட்டி ஒன்றும் அதை உடைக்கும் சுத்தியல் கல்லும் இருந்தன.

எலும்புகளிலிருந்தும் பற்களிலிருந்தும் 35 பேரின் மரபணுவைப் படித்து, 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. இன்றைய துருக்கிப் பகுதியான அனத்தோலியாவிலிருந்து வந்த உழவர்களின் வழியினர் பிரிட்டனில் குடியேறிச் சில நூற்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. குடும்பத்துக்கு மூதாதை ஒருவர். அவருக்கு நான்கு பெண்களிடம் பிள்ளைகள். நால்வரும் ஒரே காலத்தில் மனைவியராக இருந்தார்களா, ஒருத்திக்குப் பின் ஒருத்தியா என்பதை மரபணு சொல்லாது.

வம்சம் ஆண்வழியேதான் போகிறது. தலைமுறை தாண்டும் 15 கண்ணிகளும் தந்தையர். குடும்பத்து ஆண்களுக்குப் பிள்ளை பெற்ற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். வயதுவந்த மகள் ஒருத்தியும் இல்லை. கட்டிக்கொடுத்த இடத்திலேயே அவர்களுக்கும் குழி என்று ஊகிக்கலாம்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு 'கற்காலத்திலேயே ஆணாதிக்கம்' என்று தலைப்புப் போட்டுவிடுவது சுலபம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அறைப் பங்கீடு. நான்கு தாய்மாரில் இருவரின் சந்ததி ஒரே பக்கத்து அறையிலேயே தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்டிருக்கிறது. யார் உள்ளே வரலாம் என்பதைத் தந்தை தீர்மானித்தார். எந்த வாசல் வழியாக என்பதைத் தாய் தீர்மானித்தாள். மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்ற கணக்கு கொள்ளுப்பேரர்கள் காலத்திலும் மறக்கப்படவில்லை. மேட்டைக் கட்டும்போதே இரண்டு அறையாகத் திட்டமிட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இன்னொரு செய்தி. நான்கு ஆண்கள் தந்தைவழியில் இக்குடும்பத்தைச் சேர்ந்தவர்களே அல்ல. அவர்கள் எந்தத் தாய்மாரின் வழியில் வந்தார்களோ, அந்தத் தாய்மார் இக்குடும்ப ஆண்களுக்கும் பிள்ளை பெற்றவர்கள். அதாவது, பெண்ணோடு வந்த பிள்ளையையும் தம் பிள்ளையாகவே ஏற்றிருக்கிறார்கள். மீதி எட்டுப் பேருக்கு இந்த வம்சத்தோடு நெருங்கிய ரத்த உறவே இல்லை. இருந்தும் இடம் கிடைத்திருக்கிறது.

இதை வைத்து ஐரோப்பாவின் உழவர் குடும்பமெல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஹேசில்டனுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்திய இடுகாடு ஒன்று பிரான்சில் கியூர்ஜி என்ற ஊரில் இருக்கிறது. அங்கே 94 பேரின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2023இல் வந்தது. ஏழு தலைமுறை நீளும் வம்சம். அங்கேயும் ஆண்வழி, அங்கேயும் வளர்ந்த மகள்களைப் பெரும்பாலும் காணோம். ஆனால் மாற்றாந்தாய்ப் பிள்ளை என்று ஒருவர்கூட இல்லை, உடன்பிறந்தோர் எல்லாரும் ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்தவர்கள். அந்த வம்சத்தின் முதல் ஆண் செத்துப் புதைக்கப்பட்டது வேறிடத்தில். கியூர்ஜிக்குக் குடிவந்தவர்கள் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து வந்து, ஒரு பெண்ணின் குழியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.