பல்செட்டுக்கும் ராத்திரி லீவு

ஆம்பூர் பிரியாணி சாப்பிட பல் வேண்டும். பல் போனால் பல்செட்! கல்யாண வீட்டில் அதை மாட்டிக்கொண்டு கறியை ஒரு கை பார்க்கும் பெரியவர்கள் பலர், ராத்திரி மட்டும் கழற்ற மாட்டார்கள்.

பேரன் பேத்திகள் முன்னால் பொக்கைவாயாகத் தெரியக் கூச்சம். ஆனால் கழற்றாத செட்டுக்கு அடியில் கேண்டிடா என்ற பூஞ்சை பெருகி, அண்ணம் சிவந்துபோகும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் தெரியவும் தெரியாது. 2015-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை 3 வருடம் கவனித்தார்கள். செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து சுமார் 2 மடங்கு இருந்தது!

கழற்றி, சோப்பு போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும். வெந்நீர் கூடாது. சரியாகப் பதப்படாத தோல் கொதிநீரில் சுருங்கும் என்பது டேனரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியுமே. அக்ரிலிக் செட்டும் சூட்டில் வளைந்துவிடும்.

இன்னொன்று. பல் போன இடத்தில் தாடை எலும்பு வருஷா வருஷம் தேயும். செட் அதே அளவில்தான் இருக்கும். அதனால்தான் லூசாகிறது. பசை போட்டுச் சமாளிக்காமல் பல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

உங்க வீட்டுத் தாத்தா பாட்டி பக்கத்தில் இன்னிக்கு ராத்திரி ஒரு கிண்ணம் தண்ணி வைங்க. பொக்கைவாய்ச் சிரிப்பும் அழகுதான்னு சொல்லுங்க :)