புள்ளியும் நிரலும்

நுழையும்முன்

ஓவியத்தைச் சுவரில் காண்கிறோம். இசையைச் செவியால் நுகர்கிறோம். கணினி இயங்கும் நொடியிலேயே ஓவியமும் இசையும் ஒருங்கே பிறந்து, நிறுத்தியதும் மறைந்துபோகும் கலை ஒன்று உண்டு. ஊதியம் கருதாத இளைஞர்கள் தம் வீட்டு அறைகளில் வளர்த்தெடுத்த அக்கலையைப் பற்றியது இப்பாடம்.

மார்கழி மாதத்து விடியற்காலையில் திருவாலங்காட்டுத் தெருக்களில் நடப்போர், வாசல்தோறும் பெண்கள் குனிந்து புள்ளி வைப்பதைக் காணலாம். ஆருத்திரா தரிசனம் நெருங்க நெருங்கக் கோலங்களும் பெரிதாகும். “நேத்து உங்க வாசல்ல போட்ட கோலம் எப்படிக்கா?” என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டால், வரைந்த தாள் எதுவும் கைமாறுவதில்லை. “பதினஞ்சு புள்ளி, இடைப்புள்ளி, எட்டுல நிறுத்திக்கோ” என்ற விடை மட்டும் வரும். நடுவரிசையில் 15 புள்ளிகள். மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8இல் முடியும். எண்ணிப் பார்த்தால் 169 புள்ளிகள். ஒரு மூச்சில் சொல்லி முடித்த சொற்களுக்குள் அத்தனையும் அடங்கிவிடுகின்றன. அங்கே கைமாறுவது கோலத்தின் விதி.

கணினிக்கும் இப்படி விதியை மட்டும் சொல்லி, படத்தை அதுவே வரையுமாறு செய்தால் என்ன? இந்த வினாவிற்கு விடை தேடுவதையே விளையாட்டாகக் கொண்ட இளைஞர் கூட்டம் ஒன்று 1980களில் ஐரோப்பாவில் உருவாயிற்று. அவர்கள் ஆக்கிய படைப்புக்கு ‘டெமோ’ என்று பெயர்.

அதன் பிறப்பு அவ்வளவு பெருமைக்குரியதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1982இல் வெளிவந்த கமடோர் 64 என்னும் வீட்டுக்கணினியில் விளையாட்டுகள் பெருகின. அவற்றின் நகல்காப்பை உடைத்துப் பரப்பிய சிறுவர்கள், விளையாட்டு தொடங்குமுன் தம் குழுவின் பெயர் வண்ணத்தில் ஓடுமாறு சிறு நிரல் ஒன்றைச் சேர்த்தனர். செய்தது களவு, இட்டதோ கையொப்பம்! நாளடைவில் அந்தக் கையொப்பத்தை அழகுபடுத்துவதிலேயே பலருக்கு ஆர்வம் மிகுந்தது. 1985இல் அமிகா கணினி வந்தபின், களவை விட்டு விலகிக் கலையை மட்டும் கைக்கொண்ட குழுக்கள் பல தோன்றின. ஒருவர் நிரல் எழுதுவார். ஒருவர் படம் தீட்டுவார். ஒருவர் இசை அமைப்பார். பணமோ பட்டமோ கிட்டாத உழைப்பு அது.

டெமோவைத் திரைப்படம் என்று எண்ணிவிடக் கூடாது. திரைப்படத்தில் முன்பே பதிவுசெய்த காட்சிகள் வரிசையாக ஓடுகின்றன. டெமோவிலோ எதுவும் பதிவாகியிருப்பதில்லை. ஒவ்வொரு காட்சியையும் கணினி அந்தந்த நொடியில் கணக்கிட்டுத் தீட்டுகிறது. இதனை ‘நிகழ்நேர வரைகலை’ என்பர். ஒலிநாடாவில் கேட்கும் பாட்டுக்கும் விடிய விடிய நம் கண்முன் ஆடப்பெறும் தெருக்கூத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

இவ்வகைப் படைப்புகளை அரங்கேற்றும் விழாக்களில் ஒன்று, பின்லாந்தில் 1992 முதல் நடைபெற்றுவரும் ‘அசெம்பிளி’. இருண்ட அரங்கில், பெரிய திரையில், டெமோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கப்பெறும், பார்வையாளர்கள் வாக்களிப்பர். நடனப்போட்டி ஒன்றையே தன் தலபுராணமாகக் கொண்ட ஊர் திருவாலங்காடு. இரத்தினசபையில் காளியோடு ஆடிய இறைவன், ஒரு காலை விண்ணோக்கி உயர்த்தி வென்றான் என்பர். அவையோர் முன்னிலையில், அந்த நேரத்தில், ஆடிக் காட்டினால்தான் வெற்றி. அசெம்பிளியின் விதியும் ஏறத்தாழ அதுவே.

1993ஆம் ஆண்டு அவ்விழா ஹெல்சின்கிக்கு அருகிலுள்ள கெரவாவில் நடந்தபோது, ‘பியூச்சர் குரூ’ என்ற பின்லாந்துக் குழு ‘செகண்ட் ரியாலிட்டி’ என்னும் டெமோவை முன்வைத்தது. அக்காலத்தில் பீசி எனப்படும் கணினி, அலுவலகக் கணக்குக்கு உரியது என்றே கருதப்பட்டது. வண்ணமும் இசையும் அமிகாவுக்கே உரியன என்பது பொதுக்கருத்து. அக்கருத்தை அந்த ஒரு படைப்பு அசைத்துவிட்டது. போட்டியில் முதலிடமும் அதற்கே. அதன் இசையமைப்பாளர்களுள் ஒருவரான யோன்னே வால்ட்டொனென் அப்போது பதின்பருவம் கடவாதவர்; பிற்காலத்தில் சேர்ந்திசைக் குழுக்களுக்கு இசை அமைக்குமளவு உயர்ந்தார்.

அந்நாளைய பீசியின் திரையை, அகலத்தில் 320, உயரத்தில் 200 எனப் புள்ளிகளாகப் பகுத்தனர். மொத்தம் 64,000 புள்ளிகள். திரையோ நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் எல்லாப் புள்ளிகளுக்கும் வண்ணம் கணக்கிட்டால், ஒரு நொடிக்கு 44,80,000 கணக்குகள்! அன்றைய கணினியின் வேகம் அதற்குப் போதாது. எனவே இளைஞர்கள் சூழ்ச்சி செய்தனர். சைன் மதிப்புகளை முன்னரே அட்டவணையாக்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டனர். பெருக்கலைத் தவிர்த்துக் கூட்டலால் வேலையை முடித்தனர். புள்ளியை அசைக்காமல் வண்ணத்தை மட்டும் சுழற்றி, படமே அசைவதுபோல் காட்டினர். ‘பிளாஸ்மா’ என்று அவர்கள் அழைக்கும் அலைக்காட்சி, சில சைன் அலைகளின் கூட்டுத்தொகைதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் அதே சைன், அங்கே நெருப்பாகவும் நீராகவும் அலைந்தது. 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினியே இத்தகைய காட்சியைச் சில வரி நிரலால் எளிதில் காட்டிவிடும்.

கணினியின் வேகம் கூடியபின், இக்கலைஞர்கள் தமக்குத் தாமே தடை விதித்துக்கொண்டனர். வெண்பா பாடுவோர் சீருக்கும் தளைக்கும் கட்டுப்படுவதைப் போல, இவர்கள் கோப்பின் அளவுக்குக் கட்டுப்பட்டனர். 64 கிலோபைட்டுக்குள் ஒரு போட்டி. 4 கிலோபைட்டுக்குள், அதாவது 4096 பைட்டுக்குள், மற்றொரு போட்டி. ஒருங்குறியின் வழக்கமான சேமிப்புமுறையில் தமிழ்க்குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு தேவை. இப்பாடத்தின் ஓரிரு பத்திகளைச் சேமித்தாலே 4096 நிரம்பிவிடும். அந்தச் சிற்றிடத்துக்குள் பனிமலைத் தொடர்களையும், அவற்றின்மேல் பறந்து செல்லும் பார்வையையும், உடன் ஒலிக்கும் இசையையும் அடக்கிய ‘எலிவேட்டட்’ என்ற படைப்பு 2009இல் செருமனியில் அரங்கேறியது. அதில் மலையின் படம் எங்கும் இல்லை. மலை எப்படி மடியும், பனி எங்குத் தங்கும் என்னும் கணக்கு மட்டுமே உண்டு. அதனை ஆக்கியோருள் ஒருவரான இனிகோ கீலெஸ், பின்னர்ப் பிக்சார் நிறுவனத்தின் ‘பிரேவ்’ திரைப்படத்தில் காட்டுப்பாசியையும் செடிகொடியையும் இதே முறையில் முளைக்கச் செய்தார்.

கோலத்தையும் கணினியையும் ஒருசேர எண்ணிப் பார்த்தவர்கள் தமிழகத்திலேயே இருந்தனர் என்பதை இங்கே மறத்தல் ஆகாது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் இணைந்து, கோலங்களை உருவாக்கும் இலக்கணத்தைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்பது அவ்வாய்வு காட்டிய வழி. வாசலில் மாக்கோலமிட்ட பாட்டிமார் அறிந்திருந்ததை, அறிஞர் குறியீட்டில் எழுதினர் என்றாலும் பிழையில்லை.

பின்லாந்து 2020இல் டெமோ கலையைத் தன் நாட்டு மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது; செருமனி 2021இல் அவ்வழியைப் பின்பற்றியது. ‘பொழுதுபோக்கு’ என்று பெரியோர் ஒதுக்கிய இளைஞர் விளையாட்டு, ஒரு தலைமுறைக்குள் மரபாகிவிட்டது. ஆயினும் பட்டியலால் மட்டும் அதனைக் காத்துவிட இயலுமா? டெமோ உயிர்பெறக் கணினி வேண்டும். பழைய கணினிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. புதியனவோ பழைய நிரலை நேராக இயக்குவதில்லை. காணொலியாகப் பதிந்து வைக்கிறார்கள். கோலத்தை ஒளிப்படம் எடுத்து வைப்பது போன்றதே அது. வடிவம் எஞ்சும், வரைந்த கை எஞ்சாது.

‘செகண்ட் ரியாலிட்டி’ அரங்கேறி இருபது ஆண்டுகள் நிறைந்தபோது, 2013இல், அதன் மூலநிரல் முழுவதும் பொதுவெளியில் வைக்கப்பட்டது. அது பிறந்த ஆண்டில் பிறந்திராத இளைஞர்கள் அதனைத் திறந்து, வரி வரியாகப் படித்தனர். எந்த இடத்தில் எந்தச் சூழ்ச்சி என்று கண்டறிந்து, வேறு கணினிகளில் தாமே எழுதிப் பார்த்தனர்.

திருவாலங்காட்டில் வெயில் ஏறியதும் கோலத்தின்மேல் மிதிவண்டிகள் ஓடும். எறும்புகள் மாவை இழுத்துச் செல்லும். மாலைக்குள் வாசல் வெறுமையாகிவிடும். எதிர்வீட்டுப் பெண் மறுநாள் கோலப்பொடிக் கிண்ணத்துடன் வந்து, நடுவரிசையில் பதினைந்து புள்ளிகளை வைக்கத் தொடங்குவாள்.