புழுவுக்கும் நமக்கும் ஒரே அமிலம்

காஞ்சிபுரத் தறிகளுக்கு வரும் கச்சாப் பட்டில் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்து வருகிறது. இந்தியக் காப்பியில் ஏறத்தாழ 70 சதவீதம் விளைவதும் அங்கேதான். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிக்குப் பக்கத்தில் டபராவில் ஆறும் காப்பிக்கும் தறியில் ஓடும் இழைக்கும் இந்த ஊர் உறவைவிட ஆழமான உறவு ஒன்று உண்டு. பட்டுப்புழு தின்னும் மல்பெரி இலையில் முக்கியமான பாலிஃபீனால் ஒன்று இருக்கிறது: குளோரோஜெனிக் அமிலம். பச்சைக் காப்பிக்கொட்டையின் எடையில் சுமார் 5 முதல் 10 சதவீதம் அதே அமிலக் குடும்பம்தான்.

செடி இதைப் பிறர் நலத்துக்காகச் செய்து வைக்கவில்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கு எதிரான ஆயுதமாகவே வைத்திருக்கிறது. தக்காளி இலையைப் புழு மெல்லும்போது இலையின் நொதிகள் குளோரோஜெனிக் அமிலத்தைக் குயினோனாக மாற்றுகின்றன. அது புரதங்களின் கந்தகப் பக்கங்களில் போய் ஒட்டிக்கொண்டு, புழுவுக்குக் கிடைக்க வேண்டிய உணவின் தரத்தைக் கெடுத்துவிடுகிறது. ஆனால் பட்டுப்புழு இதே அமிலம் நிறைந்த இலையைத் தின்றே சுமார் 25 நாளில் பிறந்த எடையைப்போல் பத்தாயிரம் மடங்கு வளர்ந்து கூடு கட்டுகிறது. ஒரு பூச்சியைத் தடுக்கும் பொருள் இன்னொன்றின் அன்றாட ஆகாரம். தாவரச் சேர்மங்களை நல்லது, கெட்டது என்று இரண்டு பெட்டியில் அடைக்கும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எவ்வளவு வருகிறது, வாங்கிக்கொள்ளும் உடல் என்ன பதில் சொல்கிறது என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

விளம்பரங்கள் வேறு கதை சொல்கின்றன. காப்பியில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, அது உடலுக்குள் போய்த் தீய ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடித்து அழிக்கிறது என்பது அந்தக் கதை. சோதனைக் குழாயில் அது நடக்கத்தான் செய்கிறது. உடலில் கணக்கு ஒத்துவரவில்லை. காப்பி குடித்தபின் ரத்தத்தில் இந்தச் சேர்மங்கள் லிட்டருக்கு மைக்ரோமோல் அளவிலோ அதற்கும் கீழேயோதான் இருக்கின்றன. செல் தானே தயாரித்து வைத்திருக்கும் குளூட்டாதயோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்டோ மில்லிமோல் அளவில், அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல். உணவுகளை ஆன்டிஆக்ஸிடன்ட் வலிமையால் வரிசைப்படுத்திய பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் விலக்கிக்கொண்டது. அதற்கும் முன்பே, 1994இல், ஃபின்லாந்து ஆய்வு ஒரு கடுமையான பாடம் சொன்னது. ஆன்டிஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை தரப்பட்ட புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது.

அப்படியானால் காப்பி செய்வது என்ன? செல்லைச் சீண்டுகிறது. 1999இல் ஜப்பானில் மசாயுகி யமமோட்டோவின் குழு கீப்1 என்ற புரதத்தை அடையாளம் கண்டது. என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தை அது பிடித்து, உருவான சில நிமிடங்களிலேயே சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. கீப்1இன் கந்தகப் பக்கங்களில் குயினோன் போன்ற ஒன்று ஒட்டினால் அந்தப் பிடி தளர்கிறது. தப்பிய என்ஆர்எஃப்2 செல்லின் கருவுக்குள் போய், குளூட்டாதயோன் தயாரிக்கும் நொதிகள், நச்சை முறிக்கும் நொதிகள் என நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை எழுப்புகிறது. புழுவை வாட்டிய அதே ஒட்டும் குணம், சிறிய அளவில் வரும்போது, காவலை உஷார்ப்படுத்தும் செய்தியாகிவிடுகிறது. இந்த ஏற்பாடு மிகப் பழையது. பழ ஈயில் இவற்றுக்கு இணையான புரதங்கள் வேலை செய்வதை 2008இல் காட்டினார்கள். பட்டுப்புழுவிலும் அவ்வகை மரபணுக்கள் உள்ளன.

இவ்வளவு சொற்ப அளவு எதைச் சாதிக்கும் என்று கேட்கலாம். நேரில் மோதி அழிப்பதற்குத்தான் அளவுக்கு அளவு வேண்டும்; செய்தி சொல்வதற்கு வேண்டியதில்லை. ஜக்கார்டு அட்டையில் ஒரு சிறு துளை எந்தப் பாவிழைகள் மேலெழும் என்று முடிவு செய்வதுபோல்தான் இதுவும். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: ஆய்வகத்தில் செல்கள் மீது ஊற்றுகிற அளவு ரத்தத்துக்கு வருவதே இல்லை. உண்மை. ஆனால் குடித்த குளோரோஜெனிக் அமிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே பாக்டீரியாக்களால் உடைக்கப்படுகிறது. குடலின் உட்சுவர்ச் செல்கள் பார்க்கும் அளவு ரத்தம் பார்ப்பதைவிட மிக அதிகம். மேலும் ஜெர்மன் ஆய்வாளர்கள் மனிதர்களுக்கே சில வாரங்கள் காப்பி கொடுத்து, ரத்த வெள்ளணுக்களில் என்ஆர்எஃப்2 மரபணுவின் செயல்பாட்டை அளந்திருக்கிறார்கள். சிலரிடம் கூடியது, எல்லோரிடமும் ஒரே மாதிரி அல்ல. பரம்பரையாக வந்த மரபணு வேறுபாட்டுக்கும் அதில் பங்கிருந்தது. கறுக்க வறுத்தால் குளோரோஜெனிக் அமிலம் பெரிதும் அழிந்துவிடுமே என்றால், அழிகிறது; ஆனால் அதே வறுவலில் கொட்டையில் உள்ள டிரைகோனெலின் என்ற சேர்மத்திலிருந்து என்-மெத்தில்பிரிடினியம் பிறக்கிறது, அதுவும் செல் சோதனைகளில் இந்தக் காவலைத் தூண்டுகிறது.

காப்பி எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால், கஹ்வியோல் இரண்டும் இந்தத் தூண்டலில் வல்லவை. விலங்குச் சோதனைகளில் கல்லீரலின் குளூட்டாதயோனை இவை உயர்த்தியிருக்கின்றன. அதே கஃபெஸ்டால்தான் மனிதர்களின் எல்டிஎல் கொலஸ்டிராலையும் ஏற்றுகிறது. காகித வடிகட்டி இந்த எண்ணெயைப் பெருமளவு தடுத்துவிடும்; நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரின் துளைகள் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. கொலஸ்டிரால் ஏறியிருப்பவர் நாளுக்கு நாலைந்து முறை கெட்டி டிகாஷன் குடிப்பவராக இருந்தால், காவலைத் தூண்டும் குணத்தைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த நான் துணிய மாட்டேன். ஃபில்டரில் ஒரு காகிதத்தைப் போட்டுக்கொள்ளும்படிதான் சொல்வேன்.