அரியமங்கலத்து ஷூவும் வின்னிபெக் பனியும்

திருச்சிக்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடிகாலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் தீர்ந்தது விஷயம். அப்போதும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஊர்ப் பையன் ஒருவன் ஜனவரி மாதம் கனடாவின் வின்னிபெக்கில் போய் இறங்கினால் என்ன ஆகும்? அங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 சாதாரணம். சில நாட்கள் மைனஸ் 30. ஒரே விமானப் பயணத்தில் ஐம்பது டிகிரி வித்தியாசம்!

அந்தப் பையனின் அப்பாவுக்கு அரியமங்கலம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. விசா வந்த வாரம் அவர் ஒரு புது சேஃப்டி ஷூ வாங்கி வந்தார். "இரும்பே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது தம்பி. பனி என்ன பண்ணிடும்?" பெட்டியில் 23 கிலோ கணக்கில் அது இரண்டு கிலோவைத் தின்றது. அம்மா ஊறுகாய் பாட்டிலைக் குறைத்துக்கொண்டார்.

அப்பா சொன்னதில் தப்பில்லை, பட்டறைக்கு. பனிக்குத்தான் அது சரிப்படவில்லை. ஷூவின் முனையில் இருந்த இரும்புக் கவசம் குளிரை நேராக விரலுக்குக் கடத்தியது. பஞ்சு வைக்க அங்கே இடமும் கிடையாது. குளிர் தாங்காமல் இரண்டு பருத்தி சாக்ஸ் போட்டான். அது இன்னும் மோசம். ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், கதகதப்பு தரும் காற்றுக்கும் உள்ளே இடமிருக்காது. பருத்தியோ வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். பஸ்ஸுக்குக் காத்திருந்த இருபது நிமிடத்தில் வலது கால் விரல்கள் வலித்தன. பிறகு வலி நின்றுவிட்டது. அப்பாடா என்று நினைத்தான். உண்மையில் பயப்பட வேண்டிய கட்டமே அதுதான். மரத்துப்போய் தோல் வெளுக்க ஆரம்பித்தால் உறைபனிக் காயத்தின் தொடக்கம். உடனே உள்ளே போய் வெதுவெதுப்பான நீரில் காலை வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஹீட்டர் மேல் வைக்கவும் கூடாது.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பிலேயே வழுக்கி விழுந்தான். சாதாரண ஷூக்களின் அடிப்பாகம் கடுங்குளிரில் கெட்டியாகிவிடும். கெட்டியான அடிப்பாகம் ஐஸ் மேல் கண்ணாடி மேல் கண்ணாடி வைத்த கதைதான். இதில் 'விண்டர் பூட்ஸ்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பவும் முடியாது. டொராண்டோவில் ஒரு மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையம் செயற்கையாக ஐஸ் தரை அமைத்து, அதைச் சாய்த்து, ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தது. 2016இல் வெளியிட்ட முடிவில், சோதித்த 98 வகை காலணிகளில் தேறியவை 8 சதவீதம்தான்! பெட்டியில் போட்டிருக்கும் 'மைனஸ் 40' என்ற எண்ணும் அப்படித்தான். நடக்கிறவனுக்கும் சும்மா நிற்கிறவனுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

தண்ணீர் புகாத பூட்ஸ் என்பது பழைய தலைவலி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியான் பீன் என்ற வேட்டைக்காரர் 1911 வாக்கில், அடியில் ரப்பர், மேலே தோல் என்று இரண்டையும் சேர்த்துத் தைத்தார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன. மனிதர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி செய்தார். இன்றும் பூட்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தையல் சேருமிடத்தைத்தான். பனியை விட, பனி உருகிய சேறுதான் அதன் வழியாக உள்ளே வரும்.

பூட்ஸ் என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு ஒரு தகவல். 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, பனிமலையில் காவல் நிற்கும் நம் வீரர்களுக்கு 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை புது பூட்ஸ் கிடைக்காமல் பழையதையே மறுபடி பயன்படுத்த வேண்டியிருந்தது என்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ தைத்து உலகுக்கு அனுப்பும் நாடு!

பையன் கடைசியில் பழைய சாமான் கடையில் ஒரு பூட்ஸ் பிடித்தான். அடியில் ரப்பர், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய கம்பளி உறை. இந்தக் கழற்றும் உறைதான் முக்கியம். ராத்திரி தனியே எடுத்துக் காய வைக்காவிட்டால் நேற்றைய வியர்வை இன்றைய குளிராக மாறும். ஒரு கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார்த்து, விரல்கள் உள்ளே தாராளமாக ஆடுகின்றனவா என்று பார்த்து வாங்கினான். அரை சைஸ் பெரியது. ரோட்டில் போடும் உப்பு தோலை அரித்துவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைப்பான்.

அப்பாவின் ஷூவை ஒரு கிடங்கில் பகுதிநேர வேலைக்காவது போடலாம் என்று எடுத்துப் போனான். அங்கே பச்சை முக்கோண முத்திரை உள்ள கனடா ஷூதான் வேண்டுமாம். ஐஎஸ்ஐ முத்திரை செல்லாது. அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கேட்டார். "ஷூ எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

"தேஞ்சா சொல்லு. யாராவது வந்தா இன்னொன்னு குடுத்து விடுறேன்."