கேள்வி எழுதக் கற்றுக்கொண்ட இடம்

கட்சி பலம் இல்லாத ஓர் எம்.பி. மக்களவையில் என்ன செய்துவிட முடியும்? என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சட்டப் படிப்பை முடித்த கையோடு டெல்லிக்குப் போய், ஒரு சுயேச்சை எம்.பி.யின் அலுவலகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தவள் நான். அங்கே நான் கற்ற தொழிலைச் சொன்னாலே இதற்குப் பதில் வந்துவிடும். அமைச்சகம் தட்டிக்கழிக்க முடியாதபடி ஒரு கேள்வியை எழுதுவது, கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் நியாயத்தை அவைக் குறிப்பில் ஏற்றிவிடுவது. இதுதான் அந்தத் தொழில்.

நார்த் அவென்யூ குடியிருப்பின் முன்னறைதான் அலுவலகம். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திருச்சிப் பக்கத்துக்காரர். பல எம்.பி.க்களிடம் வேலை பார்த்துத் தலை நரைத்தவர். அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். சேர்ந்த அன்றே பழைய கேள்வி பதில்களை ஒரு கட்டாக என் முன் வைத்தார். "கேள்வியை விட்டுரும்மா. பதிலை மட்டும் படி. அரசாங்கம் எந்தெந்த வழியில நழுவுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. எழுதுறது அப்புறம்."

நழுவும் வழிகள் சிலதான் என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது. "இது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம்" என்பது ஒன்று. "இத்தகைய புள்ளிவிவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்பது இன்னொன்று. மூன்றாவது வழியைக் கேள்வி கேட்பவரே திறந்துவிடுகிறார். 'இப்படி நடந்தது உண்மையா? உண்மையெனில் விவரம் என்ன?' என்று கேட்டால் முதல் பகுதிக்கு 'இல்லை' என்றும் அடுத்த பகுதிக்கு 'கேள்வி எழவில்லை' என்றும் பதில் வரும். இரண்டே வரியில் கதை முடிந்தது. அதனால் அண்ணன் 'உண்மையா' என்று தொடங்கவே விடமாட்டார். எத்தனை பேர், எந்த மாநிலத்தில், எந்த ஆண்டில், எவ்வளவு தொகை, எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை என்று நேராக இறங்கச் சொல்வார்.

இந்தப் பாடம் எனக்கு முழுதாக விளங்கியது பாதாளச் சாக்கடை மரணங்கள் பற்றிய கேள்வியில்தான். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டார்கள். அப்படி ஒரு மரணமும் பதிவாகவில்லை என்று இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே பதில் தந்தார். நாடே கொதித்தது. அடுத்த மாதம் அதே அவைக்குத் தந்த பதிலில், சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான முறையில் இறங்கிச் சுத்தம் செய்ததில் 941 பேர் இறந்ததாக அரசே ஒப்புக்கொண்டது. மாநிலவாரிப் பட்டியலில் தமிழ்நாடுதான் முதலில் நின்றது, 200-க்கும் மேற்பட்ட உயிர்களோடு. என் மாநிலத்தின் பெயரை அந்த இடத்தில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு பதிலில் சுழியம், இன்னொன்றில் 941. வித்தியாசம் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. உலர் கழிப்பிடத்தில் மலம் அள்ளுவதை அது ஒரு பிரிவில் வைக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் தொட்டியிலும் ஆளை இறக்குவதை வேறொரு பிரிவில் வைக்கிறது. இரண்டுமே தடை செய்யப்பட்டவை. இரண்டிலும் பெரும்பாலும் ஒரே சமூகங்களைச் சேர்ந்தவர்கள்தான் இறக்கப்படுகிறார்கள். ஆனால் முதல் பிரிவைச் சொல்லிக் கேட்டால் இரண்டாவது பிரிவில் செத்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். கணவனைக் குழிக்குள் பறிகொடுத்தவளுக்குச் சட்டப்பிரிவு தெரியாமல் இருக்கலாம். அவளுக்காகக் கேள்வி எழுதுகிறவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

எங்கள் கேள்வியை அண்ணனும் நானும் சேர்ந்து எழுதினோம். ஆபத்தான சுத்தப்படுத்தலால் இறந்தவர்கள், மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட 10 லட்சம் ரூபாய் இழப்பீடு முழுதாகக் கிடைத்த குடும்பங்கள், பாதி கிடைத்தவை, கிடைக்காதவை. 2013 சட்டத்தின் ஒன்பதாவது பிரிவின் கீழ் ஒப்பந்தக்காரர்கள் மீது போட்ட வழக்குகள், அவற்றில் தண்டனையில் முடிந்தவை. அதற்கு மேல் இடம் இல்லை. கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வாதம், அனுமானம், ஏளனம், அடைமொழி எதுவும் இருக்கக் கூடாது என்கிறது அவையின் விதி. "கொடுமையான" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், அதைக் காரணம் காட்டிக் கேள்வியை ஒதுக்கிவிட முடியும்.

அடைமொழியை எல்லாம் எடுத்துவிட்டு எழுதுவது நெஞ்சைப் பிசையும் வேலை. குழிக்குள் மூச்சு முட்டிச் செத்தவனைக் காப்பாற்ற இறங்கிய தம்பியும் செத்த செய்தியை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு சூடான சொல்கூட இல்லாமல் அதைப் பற்றி எழுத வேண்டும். "கோபம் உனக்குள்ள இருக்கட்டும்மா. காகிதத்துல எண்ணைக் கேளு. அந்த எண் வந்தா அது ஊரையே கோபப்பட வைக்கும்" என்பார் அண்ணன். பதில் அட்டவணையாக வந்து சேர்ந்தபோது அதன் பொருள் எனக்கு விளங்கியது. நாங்கள் கேட்ட வரிசைகளில் நிரம்பியிருந்தவை எவ்வளவு பேசினவோ, வெறுமையாகக் கிடந்தவை அதைவிட அதிகம் பேசின.

கேள்வி எழுதுவதோடு வேலை முடிவதில்லை. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். யார் கேள்விக்கு முன்னுரிமை என்பது குலுக்கலில் முடிவாகும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் நட்சத்திரக் குறியிட்டவை, அவற்றுக்குத்தான் அமைச்சர் வாயால் பதில் சொல்வார். 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். கட்சி பெரிதா சிறிதா என்று குலுக்கல் பார்ப்பதில்லை. சுயேச்சை உறுப்பினர் மற்ற எல்லாருக்கும் சமமாக நிற்கும் இடம் அது. விவாத நேரம் அப்படி இல்லை. கட்சிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நேரம் பங்கிடப்படுவதால் சுயேச்சைக்குக் கடைசியில் சில நிமிடங்கள் மிஞ்சும். அதனால் எங்கள் அலுவலகத்தின் உழைப்பில் பெரும்பகுதி கேள்விகளுக்கே போனது.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் அதையும் விடக்கூடாது என்று அண்ணன் காட்டிக்கொடுத்தார். அது அமைச்சர் அவைக்குத் தந்த உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அரசு உறுதிமொழிகள் குழு என்றே ஒரு குழு இருந்து அதைத் தொடர்கிறது. தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவைத்து, கெடு தாண்டினால் குழுவுக்குக் கடிதம் எழுதும் வேலை என்னுடையதாயிற்று.

பேச்சுக்குத் தயாரிப்பது வேறு வகைப் பயிற்சி. எம்.பி. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு பேச்சில் ஒரு சம்பவம், ஒரு சட்டப்பிரிவு, ஒரு கோரிக்கை. குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் இறந்தவர் பெயரை அவையில் சொல்லமாட்டார். மணி அடித்துவிடுவார்கள் என்பதால் கோரிக்கை முதல் நாற்பது விநாடிக்குள் வந்துவிட வேண்டும். மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போய் முக்கால் பக்கமாகத் திரும்பி வருவேன். எதை வெட்டுவது என்பதுதான் தினமும் எனக்கு வலித்த பாடம். ஒரு மாவட்டத்தை வைத்தால் இன்னொரு மாவட்டம் போகும். துப்புரவுப் பணியாளரைப் பற்றிப் பேசும் நாளில் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் காத்திருக்க வேண்டும்.

கட்சி இல்லாததில் ஒரு வலிமையும் உண்டு. கொறடா உத்தரவு சுயேச்சை உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தக்காரர் எந்தக் கட்சிக்கு வேண்டியவர் என்று யோசிக்காமல் கேள்வி கேட்கலாம். ஆளும் கட்சி கொண்டுவரும் நல்ல திருத்தத்துக்கு ஆதரவாகவும் கை தூக்கலாம். 1952 தேர்தலில் மக்களவைக்கு 37 சுயேச்சைகள் வென்றார்கள், 1957-இல் 42 பேர். 2019-இல் 4 பேர், 2024-இல் 7 பேர். இவ்வளவு குறைந்துபோன இடத்தில் ஒருவர் நிற்கிறார் என்றால், கட்சிகள் தொடத் தயங்கும் விஷயங்கள் அவரைத் தேடி வந்துவிடுகின்றன.

ஒற்றை ஆளால் சட்டமே மாறிய கதையை அண்ணன் அடிக்கடி சொல்வார். பிரிட்டனில் எலினோர் ராத்போன் 1929-இல் பல்கலைக்கழகத் தொகுதி ஒன்றிலிருந்து சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்குப் போனார். குழந்தை வளர்க்கும் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை தரவேண்டும் என்பதற்காக அதற்கும் முன்பிருந்தே போராடியவர். 1945-இல் அரசு ஒருவழியாக மசோதா கொண்டுவந்தபோது பணத்தைத் தகப்பன் கையில் தருவதாக இருந்தது. அது தாய்க்குத்தான் போகவேண்டும் என்று அவர் விடாமல் நின்றார். அவை அதை ஏற்றுத் தாய்க்கே என்று மாற்றியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் இறந்தார். முதல் தொகை ஆகஸ்டில் தாய்மார்கள் கைக்குப் போனது.

நம் நாட்டில் வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கான நேரம். அமைச்சர் அல்லாத எவரும், சுயேச்சை உட்பட, மசோதா கொண்டுவரலாம். சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி 14 மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970-இல். ஆனாலும் 2015 ஏப்ரல் 24 அன்று தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. அது மக்களவையைத் தாண்டவில்லை. 2019-இல் வந்த அரசின் சட்டத்தில் குறைகள் உண்டு என்று திருநர் சமூகமே இன்றும் போராடுகிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திருநர் உரிமையை ஒதுக்கி வைக்க எந்த அரசாலும் முடியவில்லை.

எங்கள் சாக்கடை மரணக் கேள்விக்கு வந்த பதிலை ஒரு மாவட்டத் தூய்மைப் பணியாளர் சங்கத்தார் கேட்டு வாங்கிப் போனார்கள். இழப்பீடு வராத குடும்பங்களின் மனுவோடு அதை இணைத்து ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். அதுவரை 'எங்களிடம் விவரம் இல்லை' என்ற பதிலையே கேட்டுக் கேட்டு அலைந்தவர்களிடம் இப்போது அமைச்சகமே அவைக்குத் தந்த விவரம் இருந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அது யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கும் வேலை இன்னும் தீரவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன். இந்தத் தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள் டெல்லியில் கிடைக்காது. அது உங்கள் தெருவில் இருக்கிறது. உங்கள் ஊரில் ஒருவர் குழிக்குள் இறக்கப்பட்டால், ஒரு பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டால், தேதியும் இடமும் வேலை கொடுத்தவர் பெயரும் முதல் தகவல் அறிக்கை எண்ணும் குறித்து உங்கள் எம்.பி.க்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அவர் எந்தக் கட்சியாகவும் இருக்கட்டும். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். அறிவிப்புக்கு 15 நாள் வேண்டும், அதை நல்ல கேள்வியாக்க எங்களைப் போன்ற ஓர் உதவியாளருக்கும் சில நாள் வேண்டும்.