பட்டா இல்லாதவர்களின் கணக்கு

சூரிய ஒளி மின்சாரம் வேண்டுமா என்று கேட்டால், கண்டிப்பாக வேண்டும் என்றுதான் சொல்வேன். என் சித்தி கடலோரத்தில் ஓர் அனல்மின் நிலையத்தை ஒட்டிக் குடியிருக்கிறார். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல். பேரப்பிள்ளைகளுக்கு இளைப்பு வராத மாதம் அரிது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது எங்கள் தூத்துக்குடி மாவட்டம் என்ன பாடு பட்டது என்பதை நாடே பார்த்தது. பருவம் தப்பினால் முதல் அடி இல்லாதப்பட்டவர்கள் மேல்தான் விழும். நிலக்கரியை விட்டு நாம் வெளியே வந்தாக வேண்டும்.

அப்படி வெளியே வரும் வழியில் என் அம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கரிசல் காடு. மானாவாரி. அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் ஆண்டு முழுவதும் அவர் பிழைப்பு நிலத்தில்தான். புரட்டாசி மழைக்கு விதைப்பு, கார்த்திகையில் களையெடுப்பு, தை பிறந்தால் உளுந்தும் பாசியும் பிடுங்குவது, அதன் பிறகு பருத்தி எடுப்பது. அறுப்பு முடிந்த காட்டில் சிந்திக் கிடக்கும் உளுந்தைப் பொறுக்கிச் சேர்த்தால் சில மாதத்துக்குக் குழம்புக்கு ஆகும். கோடையில் எங்கள் ஆடுகள் அந்தத் தாளில்தான் மேயும். அடுப்புக்கு விறகு ஓடைக்கரைச் சீமைக் கருவேலத்தில். இதில் எதற்கும் ரசீது கிடையாது. யாரும் தடுத்ததும் கிடையாது.

ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குச் சுமார் ஐந்து ஏக்கர் நிலம் வேண்டும். அப்படி நிலம் தேடி எங்கள் ஊருக்குப் புரோக்கர் அண்ணாச்சி ஒருவர் வந்தார். நிலத்துக்காரர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருந்தார்கள். மழையை நம்பி நொந்துபோனவர்கள். நல்ல விலை வந்ததும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கிரயம் முடிந்தது, கம்பி வேலி விழுந்தது, வேலிக்குள் வண்டிப்பாதையும் சேர்ந்து போனது.

பாதை அடைபட்டதென்று ஊரார் முறையிட்ட பிறகு சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நிலத்தை வாங்கிய சூரிய மின் நிறுவனத்தின் சார்பில் வந்தவர் மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். சர்வே எண் வாரியாக நிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்து, “நெலத்துக்காரகளுக்குப் பணம் குடுத்தீக, சரி. அந்த நெலத்துல களையெடுத்துப் பொழைச்ச எங்களுக்கு என்ன வழி சார்?” என்றார்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “உங்க பேர்ல பட்டா இருக்காம்மா?”

“பட்டா இருந்தா நான் எதுக்கு சார் ஊரான் காட்டுல களையெடுக்கப் போறேன்?”

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அவர் கையிலிருந்த பட்டியலில் அம்மாவுக்குப் பதில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, ஒப்பந்தக்காரர் மூலமாக ஊரில் சில ஆண்களுக்கு வாட்ச்மேன் வேலையும், சில பெண்களுக்குப் பேனல் கழுவும் வேலையும் புல் வெட்டும் வேலையும் வந்தன. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று எடுக்கவில்லை. ஆடுகளை விற்றோம்.

ஒரு பக்கம் சித்தி வீட்டுச் சாம்பல், மறுபக்கம் அம்மாவை வெளியே நிறுத்திய வேலி. இரண்டில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வெகுநாள் தவித்தேன். சட்டங்களைத் தேடிப் படித்த பிறகுதான் தெளிவு வந்தது. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் யார் என்று சொல்லும்போது, நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் சேர்த்தே சொல்கிறது. கையகப்படுத்தும் முன் மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்திருந்தால் போதும். அம்மா போன்றவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் தனியார் நேராக விலை பேசி வாங்கும் இடத்தில் அந்தக் கணக்கெடுப்பு பெரும்பாலும் நடப்பதில்லை. சூரிய ஒளி மின் நிலையங்களுக்கு 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதியும் தேவையில்லை. ஆகவே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை அம்மா வேலி விழுந்த பிறகு கேட்க நேர்ந்தது இதனால்தான்.

நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டால் சரியாகிவிடும் என்பார்கள். கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா அப்படித்தான் வந்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை தொடங்கியது. நிலம் உடையவர் கையை விட்டுப் போகவில்லை. அது பெரிய நன்மை. ஆனாலும் குத்தகைப் பணம் நிலம் உள்ள வீட்டுக்குத்தான் போகும். அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்களுக்கு வேலை போனதுதான் மிச்சம். கூரைக்கு வாருங்கள் என்றால் அங்கேயும் இதே கதை. 2024-இல் வந்த மத்திய அரசின் திட்டம் வீட்டுக்கூரையில் சூரியத் தகடு வைக்க 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் ஒற்றை அறைக்கு அது எட்டாது.

மின்சாரத்தின் பலன் எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டும்படி செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் பெயரில் நிறுவியது. ஊராட்சியின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை விற்று வருமானம் பார்த்தது. காற்றாலை ஊராட்சியின் சொத்தானால் அதன் வரவில் பட்டா இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேலி போடும் முன் கிராம சபை கூடட்டும். பாதையும் ஓடையும் ஊருக்கே இருக்கட்டும். விற்கும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு, திட்டம் ஓடும் காலம் முழுக்க ஊராட்சிக்கு வரட்டும். பேனலுக்கு அடியில் வளரும் புல்லை வெட்ட ஆள் வைக்கிறார்களே, அங்கே செம்மறிகளை மேய விடலாம். வெள்ளாடு பேனல் மேல் ஏறும், ஒயரைக் கடிக்கும். செம்மறி தலையைக் குனிந்து புல்லை மட்டும் மேயும். வெளிநாடுகளில் சூரிய மின் நிலையங்களில் இதையே கூலிக்குச் செய்கிறார்கள்.

இந்தியா 2030-க்குள் நிலக்கரி போன்றவை அல்லாத வழிகளில் 500 ஜிகாவாட் மின் திறனை எட்ட இலக்கு வைத்திருக்கிறது. அப்படியென்றால் இன்னும் எத்தனையோ ஊர்களுக்குப் புரோக்கர்கள் போவார்கள். நிலமில்லாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் திகைக்க வேண்டாம். நூறு நாள் வேலை அட்டை வாங்கியவர்களின் பட்டியல் ஒவ்வோர் ஊராட்சியிலும் இருக்கிறது. பட்டாப் பதிவேட்டைப் புரட்டுகிறவர்கள் அந்தப் பட்டியலையும் புரட்ட வேண்டும் என்று அரசு ஓர் ஆணை போட்டால், நியாயம் அங்கிருந்து தொடங்கும்.