கள்ளிக்கு நீர் வார்த்த கதை

கள்ளிச் செடிக்குத் தண்ணீர் வார்ப்பதற்கும் கல்வி வேண்டுமோ என்று மாணவர் நகைக்கலாம். அக்கல்வியை நாம் மூன்று பூச்சாடிகளிடம் பெற்றோம். அவற்றுள் இரண்டினைப் பலியிட்ட பின்னரே பெற்றோம்.

இக்கல்லூரி விடுதியில் நம்முடன் ஓரறையில் வாழ்ந்த நண்பர், முதுமையில் மக்களோடிருக்கக் கடல் கடந்து சென்றார். செல்லும் வேளை, தாம் போற்றி வளர்த்த மூன்று உருண்டைக் கள்ளிகளை நம்மிடம் ஒப்படைத்து, “இவற்றை நீர் பார்த்துக்கொள்ளும்” என்றார். அவர் கூறிய ‘நீரை’ நாம் தண்ணீரென்றே கொண்டோம் போலும்! நாள் தவறாது சாடிக்கொரு சிரட்டை வார்த்தோம். ஐப்பசியில் மழை பிறந்த பின்னரும் நிறுத்தினோமல்லோம். கார்த்திகையில் ஒரு கள்ளியின் அடி மஞ்சளித்து மெத்தென்றாயிற்று. வாடுகின்றதென்றெண்ணி மேலும் வார்த்தோம். மார்கழிக்குள் இரண்டு மாண்டன. பிடுங்கிப் பார்க்கையில் வேர்கள் கறுத்து அழுகியிருந்தன.

அதன் பின்னரே ஆராயத் தலைப்பட்டோம். இக்கள்ளியினம் அமெரிக்கக் கண்டங்களுக்குரியது. நம் வேலியோரச் சதுரக்கள்ளி வேறு குலத்தது. இதன் இலைகள் முள்ளாயின, தண்டே நீர்க்களஞ்சியமாயிற்று. பகலில் இலைவாய்களை மூடி, குளிர்ந்த இரவிலே திறந்து கரியமிலவாயுவை உட்கொள்வதால், இது இழக்கும் நீர் மிகச் சிறிது. வேருக்கோ நீரோடு காற்றும் வேண்டும். எந்நேரமும் நனைந்த மண்ணிற் காற்றுக்கு இடமில்லை, பங்கசுக்கே இடமுண்டு.

எஞ்சிய ஒன்றினுக்கு இன்று நாம் கைக்கொள்ளும் முறை இது. மண்ணிற் பாதி பருமணல். சாடியின் அடியில் துவாரம். ஈர்க்கொன்றை அடிவரை செலுத்தி எடுப்போம். மண் ஒட்டாது வந்தாலன்றி வார்ப்பதில்லை. வார்க்கும்போது அடித்துவாரத்தால் வழியுமட்டும் வார்த்து, தட்டிலே தேங்குவதைக் கொட்டிவிடுவோம். மாசி பங்குனியில் ஏறக்குறைய பத்து நாளுக்கொருமுறை. சோளகம் வீசி மண்ணை உலர்த்தும் வைகாசி முதல் ஆவணி வரை வாரத்துக்கொருமுறை. நண்பகலில் வார்ப்பதில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை மழைபடாத, ஆயினும் வெளிச்சமுள்ள விறாந்தை ஓரத்தில் வைத்து, பெரும்பாலும் வாளாவிருப்போம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்றுநீர் வெண்படலம் படியச் செய்வதால், மாரியிற் சேமித்த மழைநீரே நன்று. மரங்களிற் பற்றி வளரும் கடுபுல் போன்ற காட்டுக் கள்ளிகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவை அடிக்கடி நீர் வேண்டுவன.

இவ்வளவும் கற்றோம்; ஒன்றை மட்டும் இதுகாறும் செய்தோமல்லோம். நண்பர் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம், “மூன்றும் சுகமோ?” என்பார். “சுகம்” என்றே பல்லாண்டாகக் கூறி வந்துள்ளோம். அறுபது ஆண்டு நட்பில் நாம் அவருக்குரைத்த பொய் அது ஒன்றே.

இம்மலர் அவர் கைக்கும் செல்லும். ஆதலின் இங்கே உண்மையை ஒப்புகின்றோம்: நண்பரே, இரண்டினை நாமே கொன்றோம், அசட்டையாலன்று, மிகையான கவனத்தால். எஞ்சிய கள்ளி சென்ற வைகாசியிற் பூத்தது. அதன் அடியில் அரும்பிய கன்றுகள் இரண்டைப் பிரித்து, வெட்டுவாய் உலரச் சில நாள் விட்டு, உமது பழைய சாடிகளிலேயே நட்டுள்ளோம். இப்போது மூன்றும் சுகம்.